ஞாயிற்றுக்கிழமைத் தேயிலை மேசை: ஐந்துக்கு மூன்றரை

இதைக் கடை என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம். ஒரு மடக்கு மேசை, மேலே பச்சை விரிப்பு, சில்லறை போட ஒரு பழைய பிஸ்கட் தகரம். இங்கிலாந்தின் லங்காஷயரில் நான் இருக்கும் சிறிய ஊரின் மெதடிஸ்ட் சேர்ச் மண்டபத்தில் ஞாயிறு காலை பதினொன்றே காலுக்கு விரிப்பார்கள், பன்னிரண்டரைக்கு மடக்கிவிடுவார்கள். தேயிலை, கோப்பி, சீனி, சொக்லேட், இஞ்சி பிஸ்கட். எல்லாவற்றிலும் ஃபெயார்ட்ரேட் முத்திரை, அதாவது விளைவித்தவருக்கு நியாயமாகக் கொடுத்து வாங்கியது என்ற அடையாளம். மேசையின் ஓரத்தில் ரப்பர் வளையம் போட்ட ஒரு தபாலட்டைக் கட்டு. எம்.பி.க்கு எழுதுவதற்கு. அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். சேர்ச்சுக்குப் போவது வேலையாக. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறை நெருங்கும் ஒரு அம்மா இருக்கிறார். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஆராதனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது ஞாயிற்றுக்கிழமையில் என் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் இந்த மேசையை நடத்தியவரே அவர்தான். இப்போது கை நடுங்குவதால் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் நாற்காலி மேசைக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் அன்று வியாபாரம் மந்தம்தான். யாராவது முத்திரை இல்லாத கோப்பியைப் பற்றிப் பேசிவிட்டால், காது கேட்காத அந்த அம்மாவுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா ஃபெக்டரியில் றோலர் அறையில் நின்றவர். இரவு வீட்டுக்கு வந்தால் சட்டையில் பச்சைத் தேயிலை கசங்கிய வாடை அடிக்கும். ஆகவே தேயிலைக்கு மதிப்புரை எழுத எனக்குத் தகுதி கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அதே காரணத்தால் இது நடுநிலையான மதிப்புரையும் இல்லை.

முதலில் பைத் தேயிலை. 80 பை, 250 கிராம், 3 பவுண் 80. சுப்பர்மார்க்கெட்டின் மலிவான பெட்டி ஒரு பவுண் சொச்சத்துக்குக் கிடைக்கும். நிறம் சீக்கிரம் இறங்குகிறது, இரண்டு நிமிடத்தில் செங்கல் நிறம். எங்கள் ஊர்த் தண்ணீர் மென்மையானது என்பதால் மேலே படலம் கட்டுவதில்லை. வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குடித்தால் முதலில் ஒரு பிடிப்பு, பிறகு வெறுமை. பால் ஊற்றிக் குடிக்கிறவர்களுக்கு இது போதும், அவர்களுக்காகவே செய்த கலவை. பிளேன்டீ குடிக்கிறவர்கள் பக்கத்திலேயே போகவேண்டாம். உள்ளே இருப்பது சல்லடையின் கடைசித் தட்டில் விழும் துகள். சின்ன வயதில் மாதாமாதம் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த தூளுக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அப்போது நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறுகிறது என்று நினைத்துக்கொள்வோம். கப்பலேறியதும் இதுதானா என்று முதல் ஞாயிறு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது இலைத் தேயிலை. 125 கிராம், 4 பவுண் 20. பக்கெட்டில் இலங்கை என்று போட்டிருக்கிறது, தோட்டத்தின் பெயர் இல்லை. இது வேறு சாதி. தண்ணீர் கொதித்ததும் ஊற்றி நான்கு நிமிடம் மூடிவைத்தால் தெளிந்த செம்பொன் நிறம், நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுள்ளென்று ஒரு பிடி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பனியும் காய்ந்த காற்றும் அடிக்கும்போது எங்கள் பக்கம் எடுக்கிற கொழுந்தில்தான் அந்தச் சுள்ளு வரும். ஊவாப் பக்கம் என்றால் ஜூலை முதல் செப்டம்பர். பக்கெட்டில் பறித்த மாதம் போடுவதில்லை, நான் நாக்கை வைத்துச் சொல்கிறேன். மதிப்பெண் பைக்கு மூன்று, இலைக்கு நாலரை. கோப்பி எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். இஞ்சி பிஸ்கட் பல்லுக்கு ஆகாது.

இனி முத்திரைக்கு வருகிறேன். மதிப்பெண் குறைந்தது அதில்தான்.

ஒரு கிலோ தேயிலை ஃபெயார்ட்ரேட் கணக்கில் விற்றால், விலைக்கு மேல் அரை டாலர் தனியாகப் போகிறது. அது தோட்டத்துரை கைக்குப் போவதில்லை. தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒரு குழு கூடி, தண்ணீர்க் குழாயா, பிள்ளைகள் படிப்பா, கூரைத் தகரமா என்று முடிவு செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 250 கிராம் பெட்டிக்கு அது எவ்வளவு என்று மேசையிலேயே ஒரு துண்டுக் கடுதாசியில் கணக்குப் போட்டேன். பன்னிரண்டரை சென்ட். இங்கத்தைய காசில் ஏறக்குறைய பத்துப் பென்ஸ். சுப்பர்மார்க்கெட் பெட்டியை விட இரண்டரைப் பவுண் அதிகம் கொடுக்கிறோம், அதில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போவது பத்துப் பென்ஸ். மிச்சம் நல்ல பெட்டி, சிறு கம்பனியின் செலவு, கலவை, வரவு செலவு. ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பெட்டியின் மேல் கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படம் போட்டிருக்கிறார்களே, அந்தச் சிரிப்புக்குப் பத்துப் பென்ஸ் கொஞ்சம் குறைவு என்றுதான் சொல்கிறேன்.

கணக்கை மற்றப் பக்கமிருந்தும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருத்தி நாளைக்கு இருபது கிலோ பறித்தால் அதில் இப்படிப் பதினேழு பெட்டி நிரப்பலாம். இலங்கையில் 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது, அதற்கே எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 2024இல் 1350. மூன்றரைப் பவுண் அளவுதான். பதினேழு பெட்டிக்கான கொழுந்தைப் பறித்தவளின் அந்த ஒரு நாள் 1350இல் இந்த மேசையில் ஒரு பெட்டி வாங்க முடியாது. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால். தோட்டம் சொல்கிற கிலோ வராவிட்டால் அரைப் பேர். மழை நாளில் அம்மா அரைப் பேரோடு வந்து பேசாமல் அடுப்படியில் உட்காருவார். அன்று வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

முத்திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்பு அம்புக்குறி இருந்தால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். தேயிலை, சீனி, கொக்கோ, பழச்சாறு இவற்றில் ஃபெயார்ட்ரேட் சரக்கும் மற்றச் சரக்கும் ஃபெக்டரியில் கலந்துபோகலாம், வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துவந்தால் போதும் என்று ஒரு முறை இருக்கிறது. ஆகவே உங்கள் கோப்பையில் இருக்கும் அதே கொழுந்தைப் பறித்தவருக்குத்தான் அந்தப் பத்துப் பென்ஸ் போனது என்று நினைக்கவேண்டாம். யாருக்கோ போனது. அதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை. தோட்டங்களின் பெரிய கவலை வேறு. சான்றிதழ் வாங்கிய தோட்டமும் தன் தேயிலையில் சிறு பங்கைத்தான் அந்தக் கணக்கில் விற்க முடிகிறது, மிச்சம் சாதாரண ஏலத்துக்குத்தான் போகிறது. வாங்க ஆள் போதாது.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் மூன்றரை கொடுத்தேன்? தேயிலைக்கு மட்டும் என்றால் மூன்றோடு நின்றிருப்பேன். அந்த அரைப் புள்ளி தபாலட்டைக்கு.

இந்த மேசையை நடத்துவது ஒரு சேர்ச் இல்லை. ஊரில் உள்ள மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், யுனைட்டெட் ரிஃபோர்ம்ட் நான்கும் மாதம் ஒருவராக முறை போட்டுப் பார்க்கின்றன. மௌனமாக உட்கார்ந்து கும்பிடுகிற கிறிஸ்தவர்களான குவேக்கர்களும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்கள் முறையில் மண்டபம் அமைதியாக இருக்கும், கோப்பைகள் சுத்தமாக இருக்கும். கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் ஒரே திருவிருந்தில் உட்கார அவர்கள் சட்டம் விடுவதில்லையாம். அது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே சாமி, ஒரே புத்தகம், பிறகென்ன? இல்லத்து அம்மா சொன்னார்: “அப்பமும் ரசமும் சேர்ந்து எடுக்க இன்னும் நூறு வருடம் ஆகும் பிள்ளை. அதுவரை தேத்தண்ணியைச் சேர்ந்து குடிக்கிறோம்.”

அந்தத் தேத்தண்ணி சும்மா வந்ததில்லை என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1979இல் நியூகாசில் பக்கத்தில் டிரெயிட்கிராஃப்ட் என்று கிறிஸ்தவர்கள் சிலர் ஒரு கம்பனி தொடங்கினார்கள். சேர்ச்சின் பின்பக்கத்து மேசைதான் பெரும்பாலும் கடை, அதில் நிற்கும் அம்மாக்கள்தான் விற்பனையாளர்கள். 1992இல் அந்த டிரெயிட்கிராஃப்ட், சேர்ச்சுகள் சேர்ந்து நடத்தும் கிறிஸ்டியன் எய்ட், கத்தோலிக்கரின் கஃபோட், ஒக்ஸ்ஃபாம், இன்னும் ஓரிரு அமைப்புகள் எல்லாம் கூடி ஃபெயார்ட்ரேட் ஃபவுண்டேஷனை உண்டாக்கின. 1994இல் முத்திரை குத்திய முதல் பெட்டிகள் கடைக்கு வந்தன. சுப்பர்மார்க்கெட்காரர் அதைத் தட்டில் வைக்கவேண்டுமே? மெதடிஸ்ட் இளைஞர்கள் ஊர் ஊராகப் போய்க் கடை முகாமையாளர்களை நச்சரித்தார்களாம். எங்கள் இல்லத்து அம்மாவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், “இருக்கிறதா?” என்று கேட்டு, இல்லை என்றால் வெறுங்கூடையோடு திரும்பி வருவாராம். ஒருநாள் இருந்தது. அன்று ஆறு பெட்டி வாங்கினாராம், வீட்டில் இருந்தது அவரும் கணவரும் மட்டும்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் எங்கள் மாவட்டத்திலேயே கார்ஸ்டாங் என்கிற ஊர் கூட்டம் போட்டுத் தன்னை உலகின் முதல் ஃபெயார்ட்ரேட் நகரம் என்று அறிவித்துக்கொண்டது. பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சின்ன ஊர், பெரிய பலகை. அந்த ஊர் சேர்ச்சுகளும் அதில் சேர்ந்திருந்தன. ஒரு சேர்ச் தன்னை ஃபெயார்ட்ரேட் சேர்ச் என்று சொல்லிக்கொள்ள ஆராதனை முடிந்து ஊற்றும் தேத்தண்ணியும் கோப்பியும் அந்த முத்திரையோடு இருக்கவேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. ஆக, பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றும் அந்த மங்கிய தேத்தண்ணி ஒரு கொள்கை முடிவு! அதை முதலில் யாராவது சொல்லியிருந்தால் முகத்தைச் சுளித்திருக்கமாட்டேன்.

2017இல் செய்ன்ஸ்பெரிஸ் என்கிற சுப்பர்மார்க்கெட் தன் சொந்தத் தேயிலையிலிருந்து ஃபெயார்ட்ரேட் முத்திரையை எடுத்துவிட்டு ‘ஃபெயார்லி ட்ரேடட்’ என்று தானே ஒரு பெயர் வைத்தது. அப்போது உலகிலேயே ஃபெயார்ட்ரேட் சாமான் அதிகம் விற்கும் கடை அது. விலைக்கு மேல் போகும் அந்தக் காசை எப்படிச் செலவழிப்பது என்ற தீர்மானம் தொழிலாளர் கையிலிருந்து போய்விடும் என்பதுதான் எதிர்ப்பின் சாரம். சேர்ச்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள், கடிதம் எழுதினார்கள். டிரெயிட்கிராஃப்ட் கம்பனியோ 2023 ஜனவரியில் நொடித்துப் போனது. அதன்பிறகு மேசைக்குச் சரக்கு எடுப்பது பெரும்பாடு. சில மாதம் தேயிலை வரும், சீனி வராது. இலைத் தேயிலை மூன்று ஞாயிறுக்கு ஒருமுறைதான் இருக்கிறது. இதுவும் மதிப்பெண் குறைய ஒரு காரணம்.

தபாலட்டையை நான் முதலில் விளையாட்டாகத்தான் நினைத்தேன். எம்.பி.க்கு அட்டை போட்டு எந்த ஊரில் என்ன மாறியது? இலங்கையில் 1948இல் ஒரே சட்டத்தில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ச் சனத்துக்குக் குடியுரிமையே இல்லாமல் போனது. முழுக்கத் திரும்பி வர 2003 ஆனது. அட்டை எழுத எழுத்துத் தெரியாத சனம்தான் ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்தது. இதை இல்லத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. தன் அலுமாரியைத் திறந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டச் சொன்னார்.

1998 மே 16, பேர்மிங்காம். ஜி8 என்கிற பெரிய எட்டு நாடுகளின் தலைவர்கள் மாநாட்டுக்கு வந்திருந்த நேரம். ஏழை நாடுகளின் கடனை 2000ஆம் ஆண்டுக்குள் தள்ளுபடி செய் என்று எழுபதாயிரம் பேர் கைகோத்து நகரத்தைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டார்கள். ஜூபிலி 2000 என்று பெயர். ஐம்பதாவது வருடம் அடிமையை விட்டுவிட்டு, கைமாறிய காணியையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வேதாகமத்தில் லேவியராகமத்தில் ஒரு கட்டளை இருக்கிறதாம், அதிலிருந்து எடுத்த பெயர். படத்தில் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், மழைக்கோட்டு. ஒரு பக்கம் ஒரு கன்னியாஸ்திரி கையைப் பிடித்திருக்கிறார், மறுபக்கம் மூக்கில் வளையம் போட்ட ஒரு பையன். வேடிக்கை என்னவென்றால் அன்று தலைவர்கள் நகரத்திலேயே இல்லை, ஒரு நாட்டுப்புற மாளிகைக்குப் போயிருந்தார்கள். “நாங்கள் யாருமில்லாத கட்டடத்தைச் சுற்றி நின்றோம்” என்று சொல்லிவிட்டு அவர் இருமும் வரை சிரித்தார். ஆனால் பிரதமர் பிளேயர் திரும்பி வந்து இவர்களுடைய ஆட்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. உலகம் முழுக்க 2 கோடியே 40 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. 2005இல் அதே ஜி8இன் கிளென்ஈகிள்ஸ் மாநாட்டில் முதலில் 18 நாடுகளுக்கு உலக வங்கி, ஐ.எம்.எஃப் கடன்களைத் தள்ளினார்கள்.

அதோடு முடியவில்லை. பழைய கடன் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு முழுத் தொகையும் கேட்டு ஏழை நாட்டின் மேல் வழக்குப் போடுகிற நிதிக் கம்பனிகள் இருக்கின்றன, கழுகு என்றுதான் அவற்றைச் சொல்கிறார்கள். ருமேனியாவுக்கு சாம்பியா கொடுக்கவேண்டிய கடனை 33 லட்சம் டாலர் அளவுக்கு வாங்கிய ஒரு கம்பனி, லண்டன் நீதிமன்றத்தில் 5 கோடி டாலருக்கு மேல் கேட்டது. 2007இல் ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குத் தீர்ப்பும் கிடைத்தது. இதே சேர்ச் மண்டபத்திலும் இதுபோன்ற நூறு மண்டபத்திலும் அட்டை எழுதினார்கள். 2010இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது, 2011இல் அது நிரந்தரமானது. தேயிலைப் பெட்டியில் பத்துப் பென்ஸ்தான் போகிறது என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. ஒரு சட்டம் தடுத்த காசுக்கு எத்தனை கோடிப் பெட்டி விற்கவேண்டும்?

ஆனால் அந்தச் சட்டம் கடன் மிகுந்த ஏழை நாடுகள் என்ற பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான். இலங்கை அதில் இல்லை. 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று கொழும்பு கையை விரித்தபோது, இரண்டே மாதத்தில் பத்திரம் வாங்கிவைத்திருந்த ஒரு வங்கி நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. பால்மா விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறி, லயத்தில் ஒருவேளை அடுப்பு மட்டும் எரிந்த காலம் அது. தம்பி ஃபோனில் அதிகம் பேசமாட்டான், ரொட்டி சுட்டோம் என்பான், சம்பல் பற்றிச் சொல்லமாட்டான். 2025 கத்தோலிக்கருக்கு மறுபடியும் ஜூபிலி வருடம் என்பதால் கஃபோடும் கிறிஸ்டியன் எய்டும் திரும்பக் கடனைக் கையில் எடுத்தன. மேசையில் புதிய கட்டு வந்தது: தனியார் கடன்காரர்களும் விட்டுக்கொடுக்கச் சட்டம் கொண்டுவா. அந்த அட்டையில் நான் எழுதினேன். என் வாழ்க்கையில் எம்.பி.க்கு எழுதிய முதல் கடிதம், தபால் முத்திரை ஒட்டும்போது கை வியர்த்தது.

பதில் வந்தது. இரண்டு பக்கம், அழகான தாள், என் பெயரைத் தவிர வேறெதுவும் எனக்காக எழுதியதில்லை. மண்டபத்தில் காட்டினேன். அதே கடிதம் பதினொரு பேரிடம் இருந்தது. மேசைக்காரர்கள் அசரவில்லை, அதற்கு இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடிதம் போதாவிட்டால் எம்.பி. ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமை நேரில் போவது. நான்கு சேர்ச்சிலிருந்தும் ஒவ்வொருவர், ஒரு குவேக்கர், ஆறாவதாக நான். போகுமுன் மண்டபத்தில் ஒத்திகை. ஒரு ஆள் ஒரு விஷயம்தான் பேசவேண்டும், மூன்று நிமிடம், கடைசியில் ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியவேண்டும். தோட்டத்தில் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். அங்கே ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், கடைசியில் யார் என்ன கேட்டார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்த மூன்று நிமிடப் பழக்கம் எனக்குப் பிடித்துப்போனது.

நான் தராசைப் பற்றிப் பேசினேன். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழிப்பார்கள், அந்த இரண்டு கிலோவில் ஒரு நாள் பேர் பாதியாகும் என்று. கடனுக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்று எம்.பி. கேட்கவில்லை, குறித்துக்கொண்டார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவும் இல்லை, “கவனிக்கிறேன்” என்றார். வெளியே வந்ததும் கத்தோலிக்க அண்ணன் ஒருவர் சொன்னார், போன தடவை அதுவும் சொல்லவில்லையாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. சேர்ச்சுகள் சேர்ந்தாலே ஏழைக்கு நல்லது என்று நான் நம்பிவிடவில்லை. 1850களில் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தது தோட்டத்துரைமார். துரை காசில் உபதேசியார் வந்து துரையிடம் எப்படி நியாயம் கேட்பார்? நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான், 1972இல், பால் கெஸ்பர்ஸ் என்கிற இயேசு சபைப் பாதிரியார் அதே கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கித் தோட்டத்துச் சனத்தின் உரிமையைப் பற்றிப் பேச ஆள் சேர்த்தார். 2023இல், எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதற்குத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, எங்கள் முன்னோர் நடந்த அதே காட்டு வழியில் ஒரு நடைபவனி போனார்கள். முன்னின்று நடத்தியவர்களில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. காணி, வீடு, சம்பளம், சம உரிமை என்று கேட்டுக்கொண்டு போனார்கள். என் தம்பி தம்புள்ளையில் சேர்ந்து மாத்தளை வரை நடந்தான். வழியில் சிங்கள ஊர்களில் தண்ணீர் கொடுத்தார்களாம், கோயில்காரர், பாதிரிமார், பிக்குமார் எல்லாரும் நடந்தார்களாம். அவன் செருப்புப் பிய்ந்த படம் ஒன்று அனுப்பினான், அதை இல்லத்து அம்மா தன் பேர்மிங்காம் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

போன மாதம் தம்பி ஹட்டன் கடையிலிருந்து பி.ஓ.பி.எஃப் என்கிற ரகத் தேயிலை ஒரு டின் அனுப்பியிருந்தான். சின்னக் கறுப்புத் துகள், திறந்தாலே அப்பாவின் சட்டை. ஒரு ஞாயிறு அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய், கெட்டிலை நானே போட்டு, இதுதான் தேத்தண்ணி, குடித்துப் பாருங்கள் என்று கொஞ்சம் திமிராகத்தான் ஊற்றிக் கொடுத்தேன். மண்டபமே மெச்சியது. இல்லத்து அம்மா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து மெதுவாகக் குடித்தார். “இவ்வளவு நல்ல தேயிலை நான் குடித்ததே இல்லை” என்றார். பிறகு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை தேடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. “இதைப் பறித்தவருக்கு எவ்வளவு கிடைத்தது?”

நான் நாள் சம்பளத்தில் ஆரம்பித்து, அரைப் பேர் வரைக்கும் வந்து நின்றேன். பத்துப் பென்ஸுக்குக் கணக்குப் போட்டவள், என் டின்னில் அந்தப் பத்துப் பென்ஸும் இல்லை.

“அப்படியென்றால் இதற்கும் ஒரு அட்டை எழுதவேண்டும்” என்றார். யாருக்கு என்றுதான் அன்று முழுக்கப் பேச்சு. தோட்டக் கம்பனிக்கா, கொழும்பில் அமைச்சருக்கா, ஏலத்தில் வாங்குகிறவருக்கா, இங்கத்தைய சுப்பர்மார்க்கெட்டுக்கா? குவேக்கர்கள் அமைச்சர் என்றார்கள், மெதடிஸ்டுகள் சுப்பர்மார்க்கெட் என்றார்கள். கடைசியில் இரண்டு அட்டை. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கையெழுத்து மட்டும் அவருடையது, கோழி கிளறியது போல இருந்தது. இன்னும் பதில் வரவில்லை.

வருகிறவர்களுக்குச் சில குறிப்பு. முன்வாசலில் படி அதிகம், நாற்காலி தள்ளுகிறவர்கள் கார் நிறுத்தும் பக்கத்துக் கதவால் வாருங்கள். கார்ட் இயந்திரம் பாதி நாள் வேலை செய்யாது, சில்லறை கொண்டுவாருங்கள். பைத் தேயிலையை விட்டுவிட்டு இலைத் தேயிலை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த ஞாயிறும் வந்து கேளுங்கள். தபாலட்டைக்குப் பேனா மேசையில் கட்டியிருக்கும், மை தீர்ந்திருக்கும்.